பிரிட்டன் மோட்டார்வே சாப்பாடு: எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தாமல் போகலாம்

பிரிட்டனில் மோட்டார்வே சர்வீஸ்களில், அதாவது பெரிய நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடங்களில், சாப்பாடு எப்படி இருக்கும் என்று புதிதாகக் கார் வாங்கியவர்களும் ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழிப்பறைக்கு எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள், சாப்பாட்டுக்கு மட்டும் யோசித்து நிறுத்துங்கள். பெரும்பாலான இடங்களில் விலை அதிகம், ருசி குறைவு, சாப்பிட்டு முடித்த பிறகு வயிறு நிறைந்த மாதிரியும் இருக்காது. ஆனால் இந்த நாட்டுச் சாலையோரத்தில் நல்ல சாப்பாடே கிடையாது என்று யாராவது சொன்னால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிடைக்கிறது. யாராவது ஒருவர் அடுப்புக்கு முன்னால் நின்று, நீங்கள் கேட்ட பிறகு சமைக்கிற இடங்களில் எல்லாம் கிடைக்கிறது. அந்த இடங்கள் எவை, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் வழக்கமான சர்வீஸ். எம்1 பிடித்து வடக்கே போனாலும் சரி, எம்4 பிடித்து வேல்ஸ் பக்கம் போனாலும் சரி, காட்சி ஒன்றுதான். மோட்டோ, வெல்கம் பிரேக், ரோட்செஃப், எக்ஸ்ட்ரா என்று நாலு பெரிய கம்பெனிகள்தான் பெரும்பாலான சர்வீஸ்களைக் கையில் வைத்திருக்கின்றன. உள்ளே போனால் ஒரு பக்கம் காஸ்டா அல்லது ஸ்டார்பக்ஸ், ஒரு பக்கம் பர்கர் கிங் அல்லது மெக்டொனால்ட்ஸ் அல்லது கேஎஃப்சி, கிரெக்ஸ் பேக்கரி, பத்திரிகையும் தண்ணீர் பாட்டிலும் விற்க டபிள்யூஹெச் ஸ்மித், கொஞ்சம் வசதியான இடமென்றால் எம் அண்ட் எஸ் அல்லது வெயிட்ரோஸ் கடை. கென்ட்டில் நிறுத்தினாலும் யார்க்ஷையரில் நிறுத்தினாலும் இதே பலகைகள்தான் கண்ணில் படும். சாண்ட்விச் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து குளிர்பெட்டியில் வந்தது, பர்கர் உறைந்த நிலையில் வந்தது, கேக் பிளாஸ்டிக் உறையோடு வந்தது. பிரிப்பதும் சூடாக்குவதும்தான் அந்தக் கட்டிடத்துக்குள் நடக்கிற வேலை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் மேல் எனக்குத் துளிகூடக் குறை கிடையாது. பாதி பேர் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு இருப்பவர்கள். சமைக்க அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு சர்வீஸில் (பெயர் வேண்டாம், நடுநாட்டுப் பக்கம்) காலை பத்து மணிக்கு ஃபுல் இங்லிஷ் பிரேக்ஃபாஸ்ட் வாங்கினேன். பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் ஆனது. சூடு விளக்குக்கு அடியில் நீளமான எஃகுத் தட்டுகளில் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். பீன்ஸ் மேலே ஆடை கட்டி, அதைக் கரண்டியால் விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முட்டையின் ஓரம் காய்ந்து மொறமொறப்பாக இல்லாமல் தோல் மாதிரி இழுத்தது, மஞ்சள் கரு சுண்ணாம்பு போல உடைந்தது. காளான் தண்ணீர் விட்டுச் சுருங்கியிருந்தது. டோஸ்ட் ஆறிப்போய் வளைந்திருந்தது. ஃபுல் இங்லிஷ் சாதாரணமான சாப்பாடு இல்லை, ஒழுங்காகச் செய்தால் இந்த நாட்டின் மிக நல்ல சாப்பாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் இருக்கிற ஆறேழு பொருளும் ஒரே நேரத்தில் சூடாகத் தட்டுக்கு வந்தால்தான் அதற்கு மதிப்பு. முட்டையைப் பொரித்து ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்தால் அது முட்டையே இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால் கொஞ்சம் பழைய கதை. எம்1 திறந்த அன்றே, 1959 நவம்பர் 2-ஆம் தேதி, வாட்ஃபர்ட் கேப் சர்வீஸும் திறந்தது. (லண்டன் பக்கத்து வாட்ஃபர்ட் இல்லை இது, நார்த்தாம்டன்ஷையரில் இருக்கிற ஒரு சின்ன கிராமத்தின் பெயர்.) அந்தக் காலத்தில் மோட்டார்வே என்பதே அதிசயம், அங்கே போய்ச் சாப்பிடுவது ஒரு கொண்டாட்டம். 1965-இல் எம்6-இல் லங்காஸ்டர் பக்கத்தில் ஃபோர்ட்டன் சர்வீஸில் கார்கள் ஓடுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிட ஒரு கோபுரமே கட்டினார்கள். அந்தப் பென்னைன் டவர் இப்போதும் நிற்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டிடமும்கூட, ஆனால் மேலே இருந்த உணவகம் மூடிப் பல வருஷம் ஆகிறது. 1966-இல் லெஸ்டர் ஃபாரஸ்ட் ஈஸ்டில் சாலைக்கு மேல் பாலம் போலக் கட்டி, பெயர்பெற்ற வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரனை வைத்து உள்ளே அலங்காரம் செய்து, பரிமாற ஆள் வைத்து உணவகம் நடத்தினார்கள். அந்தப் பாலத்தில் இன்றைக்கு நடந்து போனால் மற்ற எல்லா சர்வீஸிலும் இருக்கிற அதே கடைகள்தான் இருக்கின்றன.

மோட்டார்வேக்கு வெளியே, ஏ ரோடுகள் என்கிற மற்ற முக்கியச் சாலைகளில், அந்த இடத்தை லிட்டில் ஷெஃப் என்ற உணவகம் பிடித்திருந்தது. 1958-இல் ரெடிங்கில் சாம் ஆல்பர் என்பவர் 11 இருக்கைகளோடு ஆரம்பித்தது, அப்புறம் நாடு முழுக்க நானூறுக்கும் மேல் கிளைகள். ஒலிம்பிக் பிரேக்ஃபாஸ்ட் என்று ஒரு பெரிய தட்டு, குழந்தைகளுக்குக் கிளம்பும்போது ஒரு லாலிபாப். இங்கே வளர்ந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும். கடைசிக் காலத்தில் விலையைக் கூட்டித் தரத்தைக் குறைத்தார்கள், புகழ்பெற்ற சமையல்காரர் ஹெஸ்டன் ப்ளூமெந்தாலைக் கூப்பிட்டு ஹாம்ப்ஷையரில் பாப்பம் கிளையில் மெனுவை மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் காப்பாற்றவில்லை, 2018-இல் பெயரே மறைந்துவிட்டது. அதன் பல கட்டிடங்களில் இன்று இருப்பது காரில் இருந்தபடியே வாங்குகிற காபி டிரைவ்-த்ரூதான்.

சர்வீஸ் நடத்துவதற்குச் சட்டப்படி சில கடமைகள் இருக்கின்றன: வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், முதல் 2 மணி நேரம் பார்க்கிங் இலவசம், கழிப்பறை இலவசம், சூடான பானமும் சாப்பாடும் எந்த நேரமும் கிடைக்க வேண்டும். நல்ல விதிகள்தான், கழிப்பறைகள் இப்போது உண்மையிலேயே சுத்தமாக இருப்பதற்கு அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே தவிர, நன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்ல முடியாது. சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவில் 28 மைல் தூரம், அதாவது அரை மணி நேர ஓட்டம், இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. பசியோடு பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது அடுத்த 28 மைல் யாரும் காத்திருப்பதில்லை. வாடிக்கையாளர் வேறு எங்கும் போக முடியாது, பிடிக்கவில்லை என்றாலும் திரும்பி வந்து சண்டை போடப் போவதில்லை. இது தெரிந்த பிறகு கம்பெனிகள் ஏன் சமையல்காரர் வைக்க வேண்டும்?

இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், டீபே சர்வீஸுக்குப் போகிற வரை.

எம்6-இல் வடக்கே போகும்போது 38-ஆம் சந்திப்பைத் தாண்டியதும் கம்ப்ரியா மலைகளுக்கு நடுவில் வரும். ஜான் டன்னிங், பார்பரா டன்னிங் என்ற கணவன் மனைவி அங்கே ஆடு மாடு வளர்த்துக்கொண்டிருந்த மலை விவசாயிகள். மோட்டார்வே அவர்கள் நிலத்தை வெட்டிக்கொண்டு போனது. அந்தச் சாலை மேலேயே ஒரு சர்வீஸ் நடத்துகிறோம் என்று 1972-இல் சின்னதாக ஆரம்பித்தார்கள். தெற்கே வருகிற பக்கத்திலும் பிற்பாடு ஒன்று கட்டினார்கள். இன்றுவரை வெஸ்ட்மோர்லாண்ட் என்ற குடும்பக் கம்பெனிதான் நடத்துகிறது. சாப்பாட்டுக்கு வெளிக் கம்பெனி யாரும் கிடையாது. பர்கர் செயின் இல்லை, காபி செயின் இல்லை. அவர்களே சமைக்கிறார்கள்.

வித்தியாசம் வாசலிலேயே தெரிகிறது. மற்ற இடங்களில் உள்ளே நுழைந்தால் எண்ணெய்ப் புகையும் தரை துடைக்கிற திரவமும் கலந்து ஒரு வாடை வருமே, அது இல்லை. ரொட்டி வாசனை வருகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் சமையலறை திறந்தே இருக்கிறது, ஒருவர் பெரிய பாத்திரத்திலிருந்து பரிமாறுகிறார், தீர்ந்தால் உள்ளேயிருந்து அடுத்த பாத்திரம் ஆவி பறக்க வருகிறது. நான் சாப்பிட்டது ஒரு சூப்பும் ரொட்டியும், அப்புறம் உருளைக்கிழங்கு மசித்து மேலே மூடிச் சுட்ட ஆட்டுக்கறி. கறி நாலு மணி நேரம் வெந்தது போல நாருநாராகப் பிரிந்தது, குழம்பில் உப்பு அளவாக இருந்தது, மேல் உருளைக்கிழங்கு ஓரங்களில் பொன்னிறமாகக் கருகியிருந்தது. அந்த ஓரத்தைச் சுரண்டிச் சாப்பிட எங்களுக்குள் போட்டி நடந்தது. பக்கத்திலேயே பண்ணைக் கடை, உள்ளே இறைச்சிக் கடை, அவர்கள் சொந்தப் பண்ணையின் மாடும் ஆடும் அங்கே விற்கிறார்கள். கம்பர்லாண்ட் சாசேஜ் பாம்பு சுருண்ட மாதிரி நீளமாகக் கிடக்கும், வெட்டித் தருவார்கள். ஜன்னலுக்கு வெளியே குளம், வாத்துகள், அதற்கப்பால் மலை. சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

விலை? மலிவு இல்லை. வழக்கமான சர்வீஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பண்ணைக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் பர்ஸ் காலியாகும், சீஸ் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் அங்கே பதினைந்து பவுண்டு கொடுத்தால் பதினைந்து பவுண்டுக்குச் சாப்பாடு வருகிறது. மற்ற இடத்தில் பர்கர், சிப்ஸ், பானம் என்று ஏறக்குறைய அதே காசுதான் ஆகிறது.

அதே கம்பெனி 2014-இல் எம்5-இல் குளோஸ்டர் சர்வீஸைத் திறந்தது, முதலில் வடக்கே போகிற பக்கம், அடுத்த வருஷம் தெற்குப் பக்கம். கட்டிடத்தின் கூரை முழுக்கப் புல். சாலையிலிருந்து பார்த்தால் சின்னக் குன்று மாதிரிதான் தெரியும், பலகையைக் கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். டெவன், கார்ன்வால் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் மிட்லாண்ட்ஸிலிருந்து வந்தால் இந்த வழிதான். விற்பனையில் ஒரு பங்கு உள்ளூர் அறக்கட்டளைக்குப் போகிறது, சுற்றுவட்டாரத்து மக்களுக்கு வேலையும் அங்கேயே கிடைக்கிறது. ஸ்காட்லாண்டில் எம்74-இல் கெய்ர்ன் லாட்ஜும் இவர்களுடையதுதான். மூன்றில் எனக்குச் சாப்பாட்டுக்கு டீபே, கடைக்கு குளோஸ்டர். ஒரே குறை கூட்டம். கோடை விடுமுறைச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போனால் மேசை கிடைக்காது, பன்னிரண்டுக்கு முன்னாலோ மூன்றுக்கு மேலேயோ போங்கள்.

டீபே இருப்பதால் ஒன்று நிரூபணம் ஆகிறது: அதே சட்டம், அதே 24 மணி நேரம், அதே அவசரத்தில் வருகிற ஜனங்கள், இருந்தும் நன்றாகச் சமைக்க முடிகிறது. முடியாது என்று மற்றவர்கள் சொல்வதை நான் இனிமேல் நம்பப் போவதில்லை.

சரி, டீபேயும் குளோஸ்டரும் எல்லார் வழியிலும் வராது. எனக்குத் தெரிந்து பிரிட்டனின் உண்மையான சாலையோரச் சாப்பாடு மோட்டார்வேயில் இல்லை, ஏ ரோடுகளின் லே-பைகளில், அதாவது ஓரமாக வண்டி நிறுத்த ஒதுக்கிய இடங்களில், நிற்கிற வேன்களில் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் அந்த வேன்களைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்கள், சுத்தமாக இருக்குமோ என்ற சந்தேகம். வேன் வைத்திருப்பவரும் உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், சுகாதார அதிகாரி வந்து பார்த்து, ஸ்காட்லாண்ட் தவிர மற்ற இடங்களில், 0-இலிருந்து 5 வரை மதிப்பெண் கொடுப்பார். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அந்த ஒட்டுத்தாளை வெளியே தெரியும்படி ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை, ஆனால் 5 வாங்கியவர் ஒட்டாமல் இருக்க மாட்டார். அது சுத்தத்துக்கான மதிப்பெண்தான், ருசிக்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும்: லாரிகள் எத்தனை நிற்கின்றன என்று பாருங்கள். தினமும் அந்த வழியில் போகிறவர் திரும்பத் திரும்ப ஒரு வேனில் நிறுத்துகிறார் என்றால் காரணம் இருக்கும்.

போன குளிர்காலத்தில் ஏ5-இல் அப்படி ஒரு வேனில் நிறுத்தினோம். கூட அம்மா இருந்தார், ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு. அம்மாவுக்கு முட்டை மட்டும் வைத்த ரோல் கேட்டேன். "மஞ்சள் கரு ஓடணுமா, கெட்டியா வேணுமா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்ட உடனே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சர்வீஸில் யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே முட்டை ஏற்கெனவே முடிந்த கதை. பேக்கன் பொரிந்த இடத்தில் முட்டை வேண்டாம் என்று சொன்னதும், சரி என்று கல்லின் வேறு ஓரத்தைச் சுரண்டித் துடைத்து, புதிதாக எண்ணெய் விட்டு இரண்டு முட்டை உடைத்தார். ரோலை வெட்டி, வெட்டின பக்கத்தைக் கல்லில் அரை நிமிஷம் கவிழ்த்து வைத்தார். வெள்ளையின் ஓரம் சரிகை மாதிரி மொறுமொறுவென்று பழுப்பாகியிருந்தது. மிளகுத்தூள் கேட்டோம், டப்பாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார். டீக்கு ஒரு பையைக் கோப்பையில் போட்டுக் கொதிக்கிற தண்ணீர் விட்டு, கரண்டியால் பையைக் கோப்பைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, பெரிய பிளாஸ்டிக் கேனிலிருந்து பால் ஊற்றினார். நிறம் நம் ஊர் டீக்கடை நிறத்துக்குக் கிட்ட வந்திருந்தது. "இந்த நாட்டுல இப்பத்தான்டா நல்ல டீ குடிக்கிறேன்" என்று அம்மா சொன்னார். ரோல் இரண்டும் டீ இரண்டும் சேர்ந்து சர்வீஸில் ஒரு ஆள் சாப்பிடுகிற காசைவிடக் குறைவு.

கார்டு வாங்குவார்களா என்று யோசிக்க வேண்டாம், இப்போது பெரும்பாலான வேன்களில் வாங்குகிறார்கள், சிக்னல் இல்லாத இடத்தில் மட்டும் ரொக்கம் வேண்டும், பத்து பவுண்டு காரில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் நிற்க இடம் இருக்காது, காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பெரும்பாலான வேன்கள் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் மூடிவிடும். அதிகாலையில் கிளம்புகிறவர்களுக்குத்தான் முழுப் பயன்.

லாரிக்காரர்கள் சாப்பிடுகிற டிரான்ஸ்போர்ட் கஃபேக்களும் இப்படித்தான். ஏ ரோடுகளில், பழைய சாலைகளில், இன்னமும் சில இருக்கின்றன. லண்டனில் நார்த் சர்குலர் சாலையில் 1938-இல் ஆரம்பித்த ஏஸ் கஃபே அந்த வகையில் பெரிய பெயர், இன்றைக்கு அது மோட்டார் பைக் ஆட்களின் கோயில் மாதிரி ஆகிவிட்டது. மற்றவற்றுக்கு அவ்வளவு பெயர் கிடையாது. கரும்பலகையில் சாக்கட்டியால் அன்றைய சாப்பாடு எழுதியிருக்கும்: ஸ்டீக் பை, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, கிரேவி, பிறகு கஸ்டர்ட் ஊற்றிய புட்டிங். தட்டில் இடம் மிச்சம் இருக்காது. ஏ ரோட்டில் கோப்பை படம் போட்ட பலகை வந்தால் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது சைவக்காரர்களுக்கும் மாடு, பன்றி சாப்பிடாதவர்களுக்கும். இது நம் ஆட்களுக்கு முக்கியம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சாண்ட்விச் பெட்டியில் பயம் இல்லை, 2021 அக்டோபரிலிருந்து கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி விற்கிற சாப்பாட்டிலும் எல்லாப் பொருளின் பெயரும் போட்டாக வேண்டும், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருளைத் தடித்த எழுத்து மாதிரித் தனியாகத் தெரியும்படி போட வேண்டும். நடாஷா சட்டம் என்று சொல்வார்கள்; எள் இருந்தது உறையில் எழுதப்படாத ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு 2016-இல் இறந்துபோன 15 வயதுப் பெண்ணின் பெயர் அது. அவள் பெற்றோர் போராடிக் கொண்டுவந்த சட்டம். இந்த ஒரு விஷயத்தில் பிரிட்டனை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் பொட்டலம் கட்டாத சாப்பாட்டில் நீங்கள்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். யார்க்ஷையர் பக்கம், பொதுவாக வட இங்கிலாந்தில், மீனும் சிப்ஸும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் நிறைய. அங்கத்திய ஆட்கள் அதுதான் ருசி என்பார்கள். வெறும் சிப்ஸ்தானே, உருளைக்கிழங்குதானே என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தெரியவந்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, உடனே சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் கை நீட்டுகிற ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலங்கள் பலவற்றில் ஜெலட்டின் (மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கும், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிளாக் புட்டிங் என்பது பன்றி ரத்தம் சேர்த்துச் செய்வது, பிரேக்ஃபாஸ்ட் தட்டில் கேட்காமலே வந்து உட்காரும்.

வேறு வழியில்லாமல் வழக்கமான சர்வீஸில் மாட்டிக்கொண்டால் நான் வாங்குவது ஜாக்கெட் பொட்டேட்டோ, இருந்தால். முழு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, பிளந்து, வெண்ணெய் போட்டு, பீன்ஸும் துருவிய சீஸும் மேலே. சைவம், சூடு, வயிறு நிறையும், கெடுப்பதும் கஷ்டம். அது இல்லையென்றால் எம் அண்ட் எஸ் கடையில் முட்டையும் கிரெஸ் கீரையும் வைத்த சாண்ட்விச், ஒரு பழம். கிரெக்ஸில் சீஸ் அண்ட் அனியன் பேக், சூடாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 2019-இல் வந்த வீகன் சாசேஜ் ரோல் சாப்பிடலாம், மோசமில்லை. ஒரு சின்னக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆறிய சாண்ட்விச்சை வெளியே எடுத்துப் போனால் வாட் வரி கிடையாது, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். அதனால்தான் பல கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள். சூடான சாப்பாட்டுக்கு இரண்டு வகையிலும் வரி உண்டு. காபிக்கு நாலு பவுண்டு கொடுப்பதில் எனக்கு விருப்பமே இல்லை, ஃபிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறேன்.

நேரம் இருந்தால் மோட்டார்வேயை விட்டு இறங்கிவிடுங்கள். எம்1-இல் போகிறவர்களுக்கு லெஸ்டர் இருக்கிறது, பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்தி சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அரை மணி நேரம் வழி மாறினால் சூடான பூரியும் கிழங்கும். எம்5-இல் பர்மிங்காம் பக்கம் போனால் டிவிடேல் பாலாஜி கோயில், சாமி கும்பிட்டது மாதிரியும் ஆகும். தென்மேற்கு வேல்ஸ் போகிறவர்களுக்கு ஸ்கந்தவேல் முருகன் கோயிலில் பூஜை முடிந்து சைவச் சாப்பாடு காசு வாங்காமல் போடுவார்கள், அந்தச் சாப்பாட்டுக்கு மேல் விமர்சனம் எழுத எனக்கு மனம் வராது. ஸ்காட்லாண்டில் ஏ82-இல் டின்ட்ரமில் கிரீன் வெல்லி ஸ்டாப் என்று ஒரு கடை, சூப் நன்றாக இருக்கும், ஹைலாண்ட்ஸ் போகிற எல்லாரும் நிறுத்துகிற இடம்.

கடைசியாக ராத்திரி விஷயம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு சர்வீஸுக்குள் போய்ப் பாருங்கள். சூடான சாப்பாடு எந்த நேரமும் கிடைக்க வேண்டும் என்று விதி இருந்தும் பெரும்பாலான ஷட்டர் இறங்கியிருக்கும். ஒரு கடை, ஒரு காபி மெஷின், குளிர்பெட்டியில் மிச்சமிருக்கிற இரண்டு மூன்று சாண்ட்விச். காரில் போகிற நமக்கு அது ஒரு நாள் அவதி. லாரி ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். நிறுத்துகிற இடத்தையும் சாப்பாட்டையும் அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ராத்திரி தங்க பார்க்கிங்குக்குக் காசு வேறு கொடுக்கிறார்கள். நம் வீட்டு அரிசியும் காய்கறியும் அவர்கள் கொண்டுவந்து சேர்ப்பதுதான். ஒரு பெரிய சர்வீஸில் ராத்திரி ஒரே ஒரு சமையல்காரர், ஒரு அடுப்பு, ஒரு சூப், பொரித்த முட்டை, சூடான ரொட்டி, இவ்வளவு வைத்தால் போதும். லே-பையில் ஒரு அம்மா தனியாளாக ஒரு வேனில் இதைச் செய்கிறார். நாலு பெரிய கம்பெனிகள் செய்ய முடியாதா? அடுத்த தடவை சர்வீஸில் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்தால் கழிப்பறை சுத்தமாக இருந்தது என்று மட்டும் எழுதி அனுப்பாமல் இதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், நான் ஒவ்வொரு முறையும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.